கேபிளில் காசு போடுமுன் ஒரு கணக்கு

ஆடியோ கேபிள் பற்றிய சண்டைகளில் பாதி, ஸ்பீக்கருக்குச் சக்தி கொண்டுபோவது, கருவிக்குக் கருவி சிக்னல் கொண்டுபோவது என்ற இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்புவதால் வருபவை. கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபியின் ஹை-ஃபை கடைகளில் விரல் தடிமனில் ஸ்பீக்கர் கேபிள்கள் தொங்கும். சிலவற்றின் விலைச்சீட்டைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் ஸ்பீக்கர் கேபிளில் பெரும்பாலும் மின்தடையைப் பார்த்தால் போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.007 ஓம். வீவக வீட்டு வரவேற்பறையில் 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டர், 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் வரும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சிம் லிம் டவரில் வாங்கும் சாதாரணச் செம்புக் கம்பியே தாராளம்.

விஷயம் இருப்பது கருவிகளை இணைக்கும் மெலிசான சிக்னல் கேபிளில். நடுவில் கம்பி, சுற்றிலும் உலோக வலை, இடையில் பிளாஸ்டிக்: இது நீளமாக இழுத்த ஒரு கெப்பாசிட்டர்தான், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் தொட்டி. அதன் கொள்ளளவை (கெப்பாசிட்டன்ஸ்) மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அது நிரம்ப நேரம் எடுக்கும். சிக்னலைத் தரும் கருவியின் மின்தடை கூடக் கூட, குறுகிய குழாயில் தொட்டி நிரப்புவது போல அந்த நேரமும் கூடும். 100 ஓம் தரும் சிடி பிளேயரில் 5 மீட்டர் கேபிள் போட்டால் உயர் அதிர்வெண்கள் சரியத் தொடங்குவது 3 மெகாஹெர்ட்ஸ் பக்கம். வௌவாலுக்கே கேட்காது. அதே கேபிளை 10 கிலோஓம் மூலத்தில் மாட்டினால் 32 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

காதுக்கே எட்டும் இடம் இசைத்தட்டு. ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருளில் சுமார் 0.5 ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) இருக்கும். கேபிளும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடும் சேர்ந்து 200 பிக்கோஃபாரட் என்றால், இரண்டும் சேர்ந்து ஊஞ்சல் போல ஆடும் ஒத்ததிர்வு 16 கிலோஹெர்ட்ஸில்; 400 ஆனால் 11-இல். அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பி, அதற்கு மேல் சடாரென்று சரியும். பழைய தட்டில் வயலின் கூச்சலாகக் கேட்டால், ஊசியைத் திட்டுமுன் கேபிள் நீளத்தைப் பாருங்கள்.

கேபிள் அலையை மழுக்குவதைக் கண்ணால் பார்க்க, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஒரு பழைய ஆஸிலோஸ்கோப் போதும், உதாரணமாக 1972-இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465. 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கேபிளுக்குள் விட்டால், 5 மீட்டருக்கு அலை 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏறச் சுமார் 11 மைக்ரோவினாடி ஆகும். மூலைகள் மழுங்கித் தெரியும்.

ஆனால் ஸ்கோப்பில் மாட்டி அளக்கும் புரோபின் கேபிளும் அதே கெப்பாசிட்டர்தானே! சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் ‘பத்து மடங்கு’ புரோபின் முனையில் 9 மெகாஓம், ஸ்கோப்புக்குள் 1 மெகாஓம். நேர்மின்னழுத்தம் சரியாகப் பத்தில் ஒன்றாகும். வேகமான சிக்னலையோ ஸ்கோப் பக்கத்துக் கெப்பாசிட்டன்ஸ் விழுங்கிவிடும். அதனால் 9 மெகாஓமுக்கு இணையாக ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். அதன் மதிப்பு மறுபக்கத்து மொத்தத்தில் ஒன்பதில் ஒன்றாக இருந்தால் எல்லா அதிர்வெண்ணும் ஒரே விகிதத்தில் பிரியும். புரோபை ஸ்கோப்பின் முன்பக்கத்தில் சோதனைச் சதுர அலை தரும் கேலிபிரேட்டர் முனையில் மாட்டி, சதுர அலையின் தலை தட்டையாகும்வரை புரோபில் உள்ள சிறு திருகைத் திருப்ப வேண்டும். மூலை மழுங்கினால் அந்தக் கெப்பாசிட்டர் குறைவு, கொம்பு முளைத்தால் அதிகம். இதைச் செய்யாமல் கேபிளை அளந்தால் புரோபின் குற்றத்தைக் கேபிள் மேல் சுமத்துவோம்.

பழைய ஸ்கோப்பையே சரிசெய்வதற்கும் வரிசை உண்டு. அரை மணி நேரம் சூடேறட்டும். முதலில் பவர் சப்ளை மின்னழுத்தங்கள், ஏனென்றால் மற்ற எல்லாம் அவற்றின் மேல் நிற்கின்றன. காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இங்கேதான் பிடிபடும். படக்குழாய்ப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட் இருப்பதால், பழக்கமில்லாதவர் மூடியைக் கழற்றவே வேண்டாம். நம்மூர் ஈரப்பதமும் ஒரு தொல்லை: தூசியோடு சேர்ந்து மெகாஓம் ரெசிஸ்டருக்குப் பக்கத்திலேயே மின்சாரத்துக்கு ஒரு கள்ளப் பாதை போட்டுவிடும். கேமரா வைக்கும் ட்ரை கேபினட் புரோபுக்கும் ஆகும்.

பவர் சப்ளைக்கு அப்புறம் செங்குத்து அளவு (மின்னழுத்தம்), கடைசியில் கிடை நேர அளவு. ஏ-ஸ்டாரின் தேசிய அளவையியல் நிலையம்வரை தொடர்புபடுத்திய சான்றிதழ் தொழிற்சாலைக்கு வேண்டும், வீட்டு மேசைக்கு அல்ல. அந்தக் காலத்துக் கருவியின் துல்லியமே 2, 3 சதவீதம்தான். மலிவான குவார்ட்ஸ் ஆஸிலேட்டர்கூட அதைவிடப் பல நூறு மடங்கு துல்லியம். அதன் அலையைக் கட்டத்துக்கு ஒரு சுழற்சியாக வைத்து, இரண்டாவது கோட்டிலும் பத்தாவது கோட்டிலும் உச்சிகள் சரியாக உட்காரும்வரை நேர அளவுத் திருகைத் திருப்ப வேண்டும். ஓரக் கட்டங்களில் நேர்கோட்டுத்தன்மை குறைவு என்பதால் அவற்றை நம்பக்கூடாது.