'எய்ட்' என்பது உதவியா, குறிப்பா?

சவாரி செய்பவர் தன் விருப்பத்தைக் குதிரைக்கு உணர்த்தும் வழிகளை ஆங்கிலத்தில் 'எய்ட்ஸ்' என்பார்கள். குதிரையேற்றப் பாடங்களைத் தமிழாக்குகிறவர்கள் இந்தச் சொல்லைக் கண்டதும் 'உதவிகள்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இயற்கை உதவிகள், செயற்கை உதவிகள், கை உதவி, கால் உதவி! வெள்ள நிவாரணப் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. 'கால் உதவி அளிக்கவும்' என்று படித்தவர் சேணத்தில் உட்கார்ந்து என்ன செய்வார்?

உதவுதலைக் குறிக்கும் லத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பழைய பிரெஞ்சுப் பயிற்சி மரபில் இதன் எதிர்ச்சொல் 'தண்டனை'. சாட்டையால் லேசாகத் தொட்டால் எய்ட். அதையே ஓங்கி அடித்தால் தண்டனை. இருக்கை (சேணத்தில் உட்காரும் உடல்), கால், கை, குரல் ஆகியவை இயற்கை வகை. சாட்டையும், குதிகாலில் மாட்டும் குதிமுள்ளும் செயற்கை வகை.

மூலத்திலேயே உதவிதானே என்று கேட்பார்கள். தண்டனையோடு சோடியாக நின்றவரை அங்கே அதற்குப் பொருள் இருந்தது. அந்தச் சோடி தமிழுக்கு வரவில்லை. நம் வழக்கில் உதவி என்பது இல்லாதவருக்கு இருப்பவர் செய்வது. இங்கே நடப்பதோ வேறு: வாய் திறவாமல் ஒருவர் உணர்த்த, மற்றவர் அதைப் பிடித்துக்கொள்கிறார். அதற்குக் 'குறிப்பு' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் பொருட்பாலில் ஓர் அதிகாரம், காமத்துப்பாலில் ஓர் அதிகாரம். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

'கட்டளை' என்பாரும் உண்டு. கட்டளைக்குப் பணியாவிட்டால் குரலை உயர்த்தத் தோன்றும். வாயில் இரும்பைக் கவ்வியிருக்கும் உயிரிடம் அது ஆபத்து. 'தூண்டல்' காலுக்குப் பொருந்தும், கைக்குப் பொருந்தாது. கையின் வேலையில் பாதி, விட்டுக்கொடுப்பது. கையில் பிடிக்கும் வார் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே நுழைந்து, ஆள்காட்டி விரல்மேல் வெளிவர, கட்டைவிரல் அதை மேலிருந்து அழுத்தும். முழங்கை மடங்கி, அங்கிருந்து குதிரையின் வாய்வரை ஒரே நேர்க்கோடு. முதலில் இருக்கையால் உணர்த்து, பிறகு கெண்டைக்காலால், கை கடைசி. அதுவும் விரல்களை மூடுவது மட்டுமே, முழங்கையைப் பின்னால் இழுப்பதல்ல. குதிரை இசைந்த அதே நொடியில் விரல்கள் தளர வேண்டும். தளராவிட்டால் எதற்கு இசைந்தோம் என்று அதற்குத் தெரியாது. அடுத்த முறை இன்னும் அழுத்த வேண்டிவரும். நடையில் குதிரை அடிக்கு அடி தலையசைக்கும். கையும் கூடவே போகாவிட்டால், நாம் எண்ணாமலே குறிப்புப் போய்க்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம் கடிவாளத்தில். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, பல்லில்லாத ஈறின்மேல் கிடக்கும் இரும்பு, தலையைச் சுற்றிய வார்க்கட்டு, கையில் பிடிக்கும் வார் என்று மூன்றுக்கும் 'கடிவாளம்' என்றே எழுதுகிறார்கள். 'கடிவாளத்தைச் சுருக்கு' என்று எழுதினால், புதிதாகக் கற்பவர் இரும்பைத் தாங்கும் கன்னவாரைச் சுருக்குவார். இரும்பு மேலேறிக் கடைவாயை இழுக்கும். குதிரை தலையை உதறும், வாயைப் பிளக்கும், நாளடைவில் கடைவாய் புண்ணாகும். சொல்லவந்தது கைவாரைக் குட்டையாகப் பிடிக்கத்தான். கடி என்ற வேர் இருப்பதால் கடிவாளம் இரும்புக்கே இருக்கட்டும், கையிலிருப்பது வார். சங்கப் பாடல்களில் தேர்க்குதிரையின் வாருக்கு 'வள்பு' என்ற சொல்லே உண்டு. அதை மீட்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை, வார் என்றால் எவருக்கும் புரியும். பாரசீக வழி வந்த 'லகான்' கூடப் பரவாயில்லை, மூன்றையும் ஒன்றாக்காதவரை.

செய்தித்தாள்களும் சேர்ந்து கெடுத்தன. 'விலைவாசிக்குக் கடிவாளம்', 'வாய்க்குக் கடிவாளம்' என்று படித்துப் படித்து, கடிவாளம் என்றாலே இழுத்து நிறுத்துவது என்று ஆகிவிட்டது. அந்த எண்ணத்தோடு ஏறுகிறவர் முதல் நாளே இழுக்கிறார்.

'ஹாஃப் ஹால்ட்' என்பதை 'அரை நிறுத்தம்' என்று எழுதியதையும் பார்க்கலாம். பேருந்து பாதி நின்று கிளம்புவதுபோல! அங்கே குதிரை நிற்பதே இல்லை. இருக்கை ஒரு கணம் உறுதிப்பட்டு, கெண்டைக்கால் விலாவைத் தொட, விரல்கள் மூடித் திறக்கின்றன; குதிரை எடையைப் பின்கால்களுக்கு மாற்றிக்கொண்டு அடுத்த குறிப்புக்குத் தயாராகிறது. 'நிதானக் குறிப்பு' என்று எழுதினால் போதும்.