அந்த ஆறு மாத ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

டீச்சரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தபோது எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஜனவரியில் தன் காலால் நடந்து வந்து எலும்புக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு, "மே மாசம் டெக்சாஸ் போறேன் டாக்டர், பொண்ணுக்குப் பிரசவம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். இப்போது டிசம்பர். பேரன் பிறந்து, பெயர் வைத்து, ஐந்தாறு மாதம் அவனைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டு ஊர் திரும்பி மூன்று வாரம்தான் ஆகிறது. வாசலில் கிடந்த பேப்பரை எடுக்கக் குனிந்திருக்கிறார், முதுகில் சுளீரென்று ஒரு வலி. "சுளுக்குன்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சோம்" என்றார் கணவர். நான்கே நாளில் படுக்கையில் புரளக்கூட முடியாமல் போய்விட்டது.

எக்ஸ்ரேயில் மூன்று முள்ளெலும்புகள் முன்பக்கம் நசுங்கி, கதவுக்கு அடியில் வைக்கும் ஆப்பு மாதிரி இருந்தன. அவர் விழவில்லை, கனமாக எதையும் தூக்கவும் இல்லை. குனிந்ததற்கே இப்படி.

ஜூலையில் போட வேண்டிய ஊசி விட்டுப்போயிருந்தது. "ஒரு ஊசிதானே, வந்து போட்டுக்கலாம்னு விட்டுட்டேன் டாக்டர். பிரஷர் மாத்திரையை ஒரு நாள்கூட விடலை" என்றார் டீச்சர். சீட்டில் 'ஆறு மாதம் கழித்து' என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அது ஏழெட்டு மாதமானால் என்ன ஆகும் என்று அவரிடம் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்தத் தவறுக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'எலும்பு தேய்மானம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு நோய்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம். முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. அது நடக்கும்போது வலிக்கும். எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து புரையோடிப்போவது இன்னொன்று. எலும்புப்புரை, டாக்டர் சீட்டில் ஆஸ்டியோபோரோசிஸ். இது வலிக்காது. எங்காவது எலும்பு முறிகிற நாள்வரை இருப்பதே தெரியாது. டீச்சருக்கும் அதற்கு இரண்டு வருடம் முன்பு பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோதுதான் தெரிந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற அளவு மைனஸ் 3.1. மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே எலும்புப்புரைதான். எலும்புக்கான மாத்திரை அவருக்கு நெஞ்செரிச்சல் தந்தது. அதனால் டெனோசுமாப் என்ற ஊசியைத் தொடங்கினேன்.

இது ஒரு ஆன்டிபாடி மருந்து. "ஆன்டிபயாடிக்கா டாக்டர்?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். இல்லை. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்வது. ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள், நம் உடம்பே நோய்க்கு எதிராகச் செய்துகொள்ளும் ஒரு புரதம். குறிப்பிட்ட ஒரே ஒரு மூலக்கூறை அடையாளம் கண்டு அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். அந்த வகைப் புரதத்தை ஆய்வகத்தில் வேண்டிய இலக்குக்கு ஏற்பத் தயாரித்து ஊசியாகப் போடுகிறோம். பெயர் 'மாப்' என்று முடிந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

டெனோசுமாபின் இலக்கு கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவாரசியமானது. எலும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சிமென்ட் தூண் இல்லை. பழைய எலும்பை அரித்து எடுக்க ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள், அந்தப் பள்ளத்தில் புதிதாகப் பூச ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் என்று உள்ளே ஓயாமல் மராமத்து நடக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு அரிப்பவர்கள் கை ஓங்கிவிடும். 1997-ல் கலிஃபோர்னியாவின் ஆம்ஜென் நிறுவனத்தில், எலிக் கருவின் குடலிலிருந்து எடுத்த மரபணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றை எலிக்குட்டிகளில் அதிகமாக வேலை செய்யவைத்தபோது, அவற்றின் எலும்புகள் எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரிந்தன. அந்தப் புரதத்துக்கு 'எலும்பைக் காப்பது' என்ற பொருளில் ஆஸ்டியோபுரோடெஜெரின் என்று பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயம் ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் என்ற நிறுவனமும் தனியாக அதையே கண்டுபிடித்தது. அது பால் வியாபாரம் செய்த கம்பெனி. எலும்புக்குப் பால் நல்லது என்று நம் பாட்டிகள் சொன்னதை இவ்வளவு தூரம் எடுத்துச் சென்றவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

அடுத்த ஆண்டே மறுபாதியும் தெரிந்தது. அரிக்கும் செல்கள் உருவாகவும் வேலை செய்யவும் ரேங்க்-எல் என்ற புரதத்தின் உத்தரவு வேண்டும். ஆஸ்டியோபுரோடெஜெரின் அந்த உத்தரவை வழியிலேயே மடக்கிவிடுகிறது. சரி, அதே வேலையை ஓர் ஆன்டிபாடியை வைத்துச் செய்தால்? அதுதான் டெனோசுமாப். 60 மில்லிகிராம், தோலுக்கு அடியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2009-ல் வெளியான பெரிய ஆய்வில், 60 முதல் 90 வயதுவரையிலான சுமார் 7,800 பெண்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது. மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். இடுப்பெலும்பு முறிவும் 40 சதவீதம் குறைந்தது. நல்ல மருந்து. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சிக்கல் நிறுத்தும்போதுதான். ஜோலெட்ரோனிக் அமிலம், அலெண்ட்ரோனேட் போன்ற பழைய மருந்துகள் எலும்பிலேயே போய் ஒட்டிக்கொள்பவை. நிறுத்தினாலும் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட உள்ளே மிச்சம் இருக்கும். ஆன்டிபாடி அப்படி இல்லை. அது வெறும் புரதம். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். ஆறு மாதம் தாண்டினால் காவல் காக்க ஆள் இல்லை.

சரி, காவல் போனால் பழைய நிலைக்குத்தானே திரும்ப வேண்டும்? அதைவிட மோசமாக ஏன் போகிறது? இதற்கு 2021-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள கார்வன் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு விடை வந்தது. உயிருள்ள எலிகளின் எலும்புக்குள் நடப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள். அரித்து முடித்த ஆஸ்டியோகிளாஸ்ட் செத்துப்போகும் என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். அங்கே அது சின்னச் சின்னச் செல்களாகப் பிரிந்து, நகர்ந்து போய், வேறு இடத்தில் மறுபடி ஒன்றுசேர்ந்து அரிக்கத் தொடங்கியது. இந்தச் சின்னச் செல்களுக்கு ஆஸ்டியோமார்ஃப் என்று பெயரிட்டார்கள். ரேங்க்-எல் உத்தரவைத் தடுத்து வைத்தால் இவை சேர முடியாமல் குவிந்துகொண்டே போகின்றன. தடை நீங்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றுகூடுகின்றன. மதகை அடைத்து வைத்துத் தண்ணீரைத் தேக்கிவிட்டு, திடீரென்று தூக்கிவிட்டால் கீழே வயல் என்ன ஆகும்? எலிகளில் கண்டதுதான் என்றாலும், டீச்சரின் எக்ஸ்ரேயை நினைத்தால் எனக்கு அந்த மதகுதான் ஞாபகம் வருகிறது.

ஏற்றிய அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் கரைந்துவிடும். சிலருக்கு அதற்குள் முதுகெலும்பு முறியும், அதுவும் ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்தாற்போல். முன்பே முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

என்னிடம் வருபவர்களுக்கு இப்போது சொல்வது இதுதான். ஒரு வாரம் பத்து நாள் தள்ளினால் பயப்பட வேண்டாம். ஒரு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் உங்கள் டாக்டர் ஜோலெட்ரோனிக் அமிலம் போன்ற இன்னொரு மருந்துக்கு மாற்றிய பிறகுதான். 'அடர்த்தி நல்லா ஏறிடுச்சு, போதும்' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் இரண்டு டாக்டர்களிடமும் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அரிதாக உண்டு என்பது உண்மை. ஆனால் அதற்காக ஊசியை நாலைந்து மாதம் தள்ளுவது வேறு வம்பு. அடுத்த ஊசி நாளுக்குக் கொஞ்சம் முன்னால் பல் வேலையை வைத்துக்கொண்டால் பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும்.

ஊசிக்கு முன் கால்சியம், வைட்டமின் டி, கிட்னி மூன்றையும் இரத்தத்தில் பார்க்காமல் நான் போடுவதில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இந்த ஊசியால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. அப்புறம், ஊசியை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. ஒருவர் கல்லாக உறைந்த ஊசியைக் கொண்டுவந்து "உருக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார். புரதம் உறைந்தால் கெட்டுப்போகும். தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகளும் வந்து விலை இறங்கியதிலிருந்து, இந்த ஊசியைக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுகிறோம் என்பது என் அபிப்பிராயம். யார் தொடர்ந்து வருவார், யாருக்கு இரண்டு பஸ் மாறி வர ஆள் துணை வேண்டும் என்று யோசிப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவது உறுதியில்லாதவருக்கு, வருடத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலமே நல்லது என்று இப்போது நான் நினைக்கிறேன். கிட்னி இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வந்திருக்கும் ரோமோசோசுமாப் என்ற எலும்பு ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். எலும்பு கட்டும் வேலைக்கு உடம்பே போடும் பிரேக் ஸ்க்ளிரோஸ்டின் என்ற புரதம். தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் பிறவியிலேயே இந்தப் புரதம் கிடையாது. அவர்களுடைய எலும்பு அசாதாரணக் கெட்டி. அதிலிருந்து வந்த யோசனைதான் அந்த பிரேக்கைத் தடுக்கும் இந்த ஆன்டிபாடி. மாதம் ஒருமுறையாக ஒரே ஒரு வருடம்தான் போடுவது. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கூடாது. ஒரு வருடம் முடிந்ததும் வேறு மருந்தைத் தொடர வேண்டும், இல்லாவிட்டால் கட்டியது கரையும்.

டீச்சருக்கு அன்றே ஊசியைத் திரும்பத் தொடங்கினோம். வலி அடங்க மூன்று மாதமானது. உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் போனது போனதுதான். மேல் அலமாரி டப்பாவை எடுக்க இப்போது கணவர்தான் வர வேண்டும். போன முறை வந்தபோது தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எதையோ எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"பொண்ணு ரெண்டாவதுக்கு முழுகாம இருக்கா டாக்டர். ஜூன் 12 ஊசி. 14-ந் தேதி ஃப்ளைட். டிசம்பர் 7 திரும்பிடுவேன். சரியா வருதா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து நாள் கையில் இருந்தது.