சறுக்குமரத்தில் குழந்தையை மடியில் வைத்து இறங்காதீர்கள்

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை திடீரென்று காலை ஊன்ற மறுக்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்தால், எலும்பு மருத்துவராக நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பூங்காவில் மடியில் வைத்துச் சறுக்கினீர்களா?" பெரும்பாலும் பெற்றோர் திகைத்துப் போவார்கள். "தனியா விட்டா விழுந்துடுவான்னுதானே டாக்டர் நான் பிடிச்சுக்கிட்டேன்!"

அந்த அக்கறையில் குறையே இல்லை. சிக்கல் எடையில் இருக்கிறது. குழந்தை தனியாகச் சறுக்கும்போது ஷூவின் ரப்பர் அடி பக்கவாட்டில் உரசினால் அது அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் கால் மட்டும்தான் நிற்கும். பெரியவரின் எடை குழந்தையின் உடலைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். சிக்கிய கால் முறுக்கிக்கொள்ள, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை சறுக்குமரத்தில் அடிபட்ட ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 3.5 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணித்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எலும்பு முறிவு. அதிகம் அடிபட்டது ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருந்த குழந்தைகள்தான்.

வீக்கம் பெரிதாக இல்லையே என்று வீட்டிலேயே தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். நூலிழை முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். பத்து, பதினைந்து நாள் கழித்து எடுத்தால் புது எலும்பு வளர்வது தெரியும். சில வாரக் கட்டுப் போட்டால் பெரும்பாலும் நன்றாகவே கூடிவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? குழந்தை தானாக ஏறக்கூடிய உயரத்தில் உள்ள சறுக்குமரமாகப் பார்த்துத் தனியாக விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கை கொடுத்தால் போதும். தானாக ஏற முடியவில்லை என்றால் அதற்கு இன்னும் அந்த வயது வரவில்லை. கழுத்தில் கயிறு, ஸ்கார்ஃப், சைக்கிள் ஹெல்மெட் எதுவும் வேண்டாம். சிக்கினால் மூச்சுத் திணறும். வெயில் நேரத்தில் பலகையை முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டுப் பூங்காவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் எனக்கு அதைவிட வருத்தம் வேறில்லை. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்குள் அது எங்கே நடக்கும்?

அப்புறம், குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். புது வண்ணம் பூசுவதைவிட அடியில் உள்ள மணல் முக்கியம். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் கால்பட்டுப் பட்டு மணல் ஒதுங்கி, கெட்டித் தரை வெளியே தெரியும். வாரம் ஒருமுறை அதை வாரி நிரவி, குறைந்தது 9 அங்குல ஆழம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.