ஜோன்: மண்டலமா, பயன்பாட்டுப் பகுதியா?

மதுரையில் ஒத்தக்கடை, கருப்பாயூரணிப் பக்கம் மனை பார்க்கப் போனால், புரோக்கர் வாயில் முதலில் வருவது 'ஜோன்'தான். "ரெசிடென்ஷியல் ஜோன், தைரியமா வாங்கலாம்" என்பார். பக்கத்து வயல் 'அக்ரி ஜோன்' என்றால் "அதெல்லாம் மாத்திக்கலாம் சார்."

இந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் கிரேக்கம்; அங்கே 'சோனே' என்றால் இடுப்புக் கச்சை. லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளில் நுழைந்து, பூமியைச் சுற்றிய தட்பவெப்பப் பட்டைகளுக்குப் பெயரானது. ஊருக்குள் எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை என்று வரைபடத்தில் பிரிக்கும் பொருள் பிற்பாடு ஏறியது. நியூயார்க் 1916இல் நகரம் முழுவதற்கும் இப்படி விதி போட்டது. உயர்ந்த கட்டடங்கள் தெருவுக்கு வெளிச்சம் வராமல் மறைத்தது அதற்கு ஒரு காரணம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்பதும் இந்த இனத்து விதிதான்.

தமிழில் இதற்கு 'மண்டலம்' என்று எழுதுகிறார்கள். வட்டம் என்ற பொருளுள்ள வடசொல். தொண்டை மண்டலம், பாண்டி மண்டலம் என்று ஆட்சிப் பரப்பைக் குறித்துப் பழகியது. மதுரை மாநகராட்சியும் 100 வார்டுகளை 5 மண்டலங்களாகத்தான் பிரித்திருக்கிறது. 'மண்டல மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று செய்தி வந்தால், வார்டை வேறு மண்டலத்தில் சேர்த்துவிட்டார்களோ என்றுதான் தோன்றும்.

ஜோன் மாற்றத்தை 'நில வகை மாற்றம்' என்று எழுதுவது அதைவிட மோசம். கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டில் நன்செய், புன்செய், புறம்போக்கு என்று இருப்பது நிலத்தின் வகை. அது வருவாய்த் துறைக் கணக்கு. ஜோன் என்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி போடும் முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில் வருவது. கணக்கில் புன்செய்யாக இருக்கும் இடம் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். கல் ஊன்றி மனை விற்ற இடம் இன்னமும் விவசாயப் பகுதியாகவே கிடக்கலாம். கண்மாய்ப் புறம்போக்குத் தகராறு, ஜோன் தகராறு இரண்டையும் உள்ளூர்ச் செய்தியில் 'வகை மாற்றம்' என்று ஒரே வாளியில் ஊற்றினால், மனுவை எடுத்துக்கொண்டு தாசில்தாரிடம் போவதா, முழுமைத் திட்டத்தைக் கவனிக்கும் திட்டக் குழுமத்துக்குப் போவதா என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? திட்டத்தின் வரைவு வந்தால் நாளிதழில் அறிவித்து ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளவாவது சொல் தெளிவாக இருக்க வேண்டாமா?

என் கணக்கில் ஜோனுக்குப் 'பயன்பாட்டுப் பகுதி' பொருந்தும்: குடியிருப்புப் பகுதி, வணிகப் பகுதி, விவசாயப் பகுதி. அதை மாற்றுவது 'நிலப் பயன்பாட்டு மாற்றம்'. அரசாணைகளில் வரும் 'நில உபயோக மாற்றம்' என்பதும் இதேதான். எது வந்தாலும் சரி. தலைப்பில் இடம் போதவில்லை என்று உதவி ஆசிரியர் முனகினால் 'நிலப்பயன் மாற்றம்' என்று போடலாம்.