கப்பல் இருந்தும் சீனா ஏன் கடல் கடந்து நாடு பிடிக்கவில்லை?

1405-ல் சீனாவை ஆண்ட மிங் பேரரசின் தளபதி செங் ஹே முதல் பயணம் கிளம்பியபோது அவரோடு ஏறக்குறைய 27,000 பேர் போனார்கள். 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமா, லிஸ்பனை விட்டுப் புறப்பட்டது நான்கே கப்பலில், சுமார் 170 பேரோடு. ஆக, திறமை இல்லாமல் சீனா ஒதுங்கவில்லை. செலவு யாருடையது, லாபம் யாருக்கு என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

மிங் அரசு உழவர்களின் நிலவரியில் ஓடியது, கடல் வணிகத்தை நம்பி இல்லை. செங் ஹேயின் பயணங்கள், மற்ற மன்னர்கள் பேரரசரின் தலைமையை ஏற்கவேண்டும் என்பதற்காக அரண்மனைச் செலவில் நடந்தவை. இலங்கையின் காலி நகரில் கிடைத்த அவருடைய கல்வெட்டைப் பாருங்கள்: சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி, சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனவரை நாயனார் என்ற உள்ளூர்த் தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என்று பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் எல்லாம் காணிக்கை. அதே இலங்கையில் செங் ஹே, தன்னை எதிர்த்த அழகேஸ்வரன் என்ற ஆட்சியாளனோடு சண்டையும் போட்டு, அவனைப் பிடித்துச் சீனாவுக்கே கொண்டுபோனார், ஆனால் அவனைப் பேரரசர் விடுவித்துவிட்டார். தீவில் கோட்டையும் இல்லை, ஆளுநரும் இல்லை.

ஐரோப்பாவில் கதை வேறு. ஓயாமல் சண்டையிட்ட சிறிய அரசுகளுக்குப் பணம் வேண்டும், வணிகர்களுக்குப் போட்ட முதல் திரும்ப வேண்டும். 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போர் தொடுக்கவும் கோட்டை கட்டவும் அரசே உரிமை கொடுத்தது. சீனாவிலோ 1371-லேயே தனியார் கடல் வணிகத்துக்குத் தடை, 1567 வரை அது தளரவில்லை. அப்படியும் தென்கிழக்குக் கடற்கரை மாகாணமான ஃபூஜியனின் வணிகர்கள் திருட்டுத்தனமாகப் போய் தென்கிழக்காசியா முழுக்கத் தொழில் செய்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அரசு நிற்கவில்லை. 1603-ல் பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானியர்கள் மணிலாவில் ஏறக்குறைய 20,000 சீனர்களைக் கொன்றார்கள், பெய்ஜிங் ஒரு போர்க்கப்பல்கூட அனுப்பவில்லை. எனக்கு இதுதான் மிக வேதனையான, மிகத் தெளிவான சான்று.

இன்னொரு பக்கம் வடக்கே மங்கோலியர்கள். 1449-ல் பேரரசரையே சிறைபிடித்தார்கள், அப்புறம் பணமெல்லாம் நெடுஞ்சுவருக்கும் படைக்கும்தான் போனது. தேடிப்போகவேண்டிய வெள்ளியும், சீனப் பட்டுக்கும் பீங்கானுக்கும் ஈடாக ஜப்பானிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தானாக வந்து சேர்ந்தது.

அதற்காகச் சீனா சாதுவான நாடு என்று சொல்வது சரியில்லை. மிங் படை 1407-ல் வியட்நாமைப் பிடித்து இருபது ஆண்டு வைத்திருந்தது. மிங்குக்குப் பின் வந்த சிங் அரசு 1750-களில் சின்ஜியாங்கையே விழுங்கியது. 1683-ல் தைவானைப் பிடித்தபோது மட்டும், இதை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று அரசவையில் வாதம் நடந்தது. விட்டால் டச்சுக்காரர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று தளபதி ஷி லாங் எச்சரித்த பிறகே வைத்துக்கொண்டார்கள்.