நடுச்சாமத்தில் ஆக்சிமீட்டர் காட்டும் எண்

2021-இல் கோவிட் பரவியபோது கோலாலம்பூரில் மருந்துக் கடை மருந்துக் கடையாகத் தேடி வாங்கிய, இரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டர், பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வீடுகளில் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. குறட்டை விடும் அப்பாவின் விரலில் நடுச்சாமத்தில் அதை மாட்டி, 88 என்று கண்டதும் கைகால் பதறிப்போகிறவர்கள் உண்டு. அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி பதற்றம் குறையும்.

கருவி விரலுக்குள் சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளைப் பாய்ச்சுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜனை இறக்கிவிட்டது சிவப்பை அதிகம் உறிஞ்சும். சரி, தோலும் எலும்பும்கூட ஒளியை மறைக்குமே? ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1974-இல் இதற்கு வழி கண்டார். நாடி துடிக்கும்போது கூடிக் குறையும் ஒளியை மட்டும் கணக்கில் எடுத்தால், அது தமனி இரத்தத்தின் கணக்கு. ஆக, துடிப்பு சரியாகக் கிடைக்காவிட்டால் எண்ணும் சரியிருக்காது. ஏர்கோன் குளிரில் சில்லிட்ட விரல், நகப்பூச்சு, கை அசைவு எல்லாமே அதைக் கெடுக்கும். நல்ல கருவியே இரண்டு மூன்று புள்ளி முன்பின் காட்டும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. நம்மவர்கள் இதை அவசியம் மனத்தில் வைக்க வேண்டும்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் ஸ்லீப் அப்னியா. பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்று நிற்கும், ஆக்சிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும், ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். நுரையீரலிலிருந்து இரத்தம் விரலுக்கு வந்து சேர நேரமாவதால், நீங்கள் 88-ஐப் பார்க்கும்போது அப்பா பெரும்பாலும் மறுபடி மூச்சுவிடத் தொடங்கியிருப்பார். மருத்துவர் பார்ப்பது அந்த ஒற்றை எண்ணை அல்ல. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்பதை. பெரியவர்களுக்கு ஐந்துக்குக் கீழ் என்றால் இயல்பு, முப்பதுக்கு மேல் கடுமை. அதை இரவு முழுக்கப் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனைதான் சொல்லும். இதற்குச் சிகிச்சையும் உண்டு: காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவியை 1981-லேயே ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திவிட்டார்.

தன் எண்ணைத் தானே பார்த்துப் பார்த்துத் தூக்கம் தொலைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது குறைவது கார்பன் டை ஆக்சைடு. தலைசுற்றல், விரல் மரமரப்பு, மூச்சு முட்டுவது போன்ற உணர்வு எல்லாம் அதனால் வரும். ஆக்சிஜன் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அதனால் படுக்கையில் திரும்பத் திரும்பச் சோதிக்காதீர்கள். பகலில் கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, எண் ஒரு நிலைக்கு வந்தபின் குறித்து வையுங்கள். விழித்திருக்கும்போதே 95-க்குக் கீழே நின்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 90-ஐ ஒட்டி இறங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச முடியாமல் மூச்சு இரைத்தாலோ உடனே மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள். எண் நன்றாக இருந்தாலும் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. மற்றபடி, பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் கிளினிக்கில் சொல்லித் தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். இரவில் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப் போங்கள். மூச்சு நின்றதைப் பார்த்தவர் அவர்தான்.