இம்பாவரிஷ்: ஏழையாவதா, ஏழையாக்குவதா?

ஆங்கிலத்தின் 'இம்பாவரிஷ்' என்ற வினைக்குப் பலர் 'ஏழையாதல்' என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். அது பிறவினை, ஏழையாக்குதல் என்பதே பொருள். போரோ கடனோ வரியோ எழுவாயாக நிற்கும், அடிபடுபவர் செயப்படுபொருளாக வருவார். 'போர் அந்நாட்டை வறுமையில் தள்ளியது' என்றால் சரி. 'போரால் நாடு ஏழையானது' என்றால் தள்ளிய கை பின்னுக்குப் போய்விடுகிறது.

இலத்தீனில் 'பாவ்பெர்' என்றால் ஏழை. அது பழைய பிரெஞ்சு வழியாக, 'எம்' என்ற முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டு 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'புவர்', 'பாவர்ட்டி' இரண்டும் அதே குடும்பம். பாவ்பெரையே 'கொஞ்சம்', 'ஈனுதல்' என்று இரண்டாகப் பிரிப்பார்கள் சொல்லாய்வாளர்கள்: கொஞ்சமாக ஈனுவது. உரமிடாமல் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்துச் சத்துப் போன நிலத்துக்கும் ஆங்கிலத்தில் இதே வினை வருவதில் வியப்பில்லை. தமிழிலும் கதை இதுவேதான். வறள், வறட்சி, வறுமை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. 18ஆம் குறளில் 'வானம் வறக்குமேல்' என்பது மழை பொய்த்ததைத்தான் சொல்கிறது.

ஆகவே பொதுவான இடங்களுக்கு 'வறுமைப்படுத்து', 'வறியதாக்கு'. ஓட்டமான நடைக்கு 'வறுமையில் தள்ளு'. மண்ணுக்கு 'வளம் குன்றச் செய்'. 'ஏழை மண்' என்று எழுதினால் உழவர் சிரிப்பார். மொழிக்கும் சிந்தனைக்கும் 'வளமிழக்கச் செய்' பொருந்தும். உலக சுகாதார நிறுவன அறிக்கைகளில் மருத்துவச் செலவோடு சேர்ந்து இச்சொல் வந்தால், 'வறுமைக்கோட்டுக்குக் கீழே தள்ளும் செலவு' என்று விரித்து எழுதுவதே தெளிவு.

'நொடித்துப்போதல்' அருமையான சொல், ஆனால் தன்வினை. அதோடு, நன்றாக வாழ்ந்தவர்தான் நொடிக்க முடியும். கடை வைத்தவர் நொடித்துப்போவார், பரம்பரைக் கூலியாளுக்கு அச்சொல் ஒட்டாது. 'நொடித்துப்போகச் செய்தது' என்று திருப்பிக்கொண்டால் வணிகச் செய்திகளுக்கு உதவும். பேச்சுநடை போதுமென்றால் 'ஓட்டாண்டியாக்கிவிட்டது' இருக்கிறது: கையில் திருவோடு மட்டும் மிஞ்சிய ஆண்டி. கிண்டல் கலந்த சொல், அரசு அறிக்கைக்கு ஆகாது.